மரம் நட்டு அடையாத கடன்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்றைக்குத் தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு பள்ளி வளாகத்திலோ ஏரிக்கரையிலோ மரக்கன்று நடும் நிகழ்ச்சி கட்டாயம் இருக்கும். தோண்டி வைத்த குழி, கருப்பு பாலித்தீன் பையில் முழங்கால் உயரப் புங்கங்கன்று, ஒரு குடம் தண்ணீர், வேரில் ஒட்டிய மண் சிதறாமல் பையைக் கிழிக்கத் தெரிந்த ஒரு தோட்டக்காரர், அவரைச் சுற்றி மாணவர்கள். அந்தக் குழந்தைகளின் கையில் ஒட்டும் மண்ணும் அவர்கள் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியும் உண்மையானவை. ஆனால் ஜூன் 5 என்பது 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய தேதியே தவிர, நம் மண்ணின் மழைக்கணக்கு அன்று. கிழக்குக் கடற்கரை மாவட்டங்களுக்குப் பெருமழை ஐப்பசியில்தான் வரும். அக்கினி நட்சத்திரம் முடிந்த கையோடு நட்ட கன்று, ஆனிக் காற்றையும் ஆடிக் காற்றையும் தாங்கி நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். யாராவது நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் அது பிழைக்கும், ஊற்றாவிட்டால் காய்ந்துபோகும்.

காலநிலை மாற்றத்துக்கு மரம் நடுவதைத் தீர்வாகச் சொல்லும் கொள்கைகளின் சிக்கலை இந்தச் சிறு காட்சியிலேயே பார்க்கலாம். நடுவது ஒரு நாள் வேலை, மரமாவது பல பத்தாண்டு வேலை. அரசுகளும் நிறுவனங்களும் கணக்கில் எழுதுவதோ முதல் நாள் வேலையை மட்டும். மரம் நடக் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நிழலுக்கும் மண்ணுக்கும் பறவைக்கும் நீருக்கும் மரம் வேண்டும், அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. கேள்வி வேறு. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து நாம் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவை மரங்கள் ஈடுகட்டுமா? ஈடுகட்டும் என்று நம்பிக் கொள்கை வகுக்கலாமா? அடிப்படையிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது

பதினேழாம் நூற்றாண்டில் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் ஒரு தொட்டியில் ஏறத்தாழ 90 கிலோ உலர்ந்த மண்ணை நிரப்பி, அதில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். ஐந்தாண்டு முடிவில் மரம் ஏறத்தாழ 74 கிலோ எடை கூடியிருந்தது. மண்ணைக் காயவைத்து நிறுத்துப் பார்த்தபோது அது 60 கிராம்கூடக் குறையவில்லை. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பது அப்போது உறுதியானது. தண்ணீரே மரமாகிறது என்று அவர் முடிவு செய்தார். அது பாதி உண்மைதான். மரக்கட்டையின் உடம்பில் இருக்கும் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்தது. இலைகள் வெயிலின் துணையோடு கரியமில வாயுவை உள்ளிழுத்து, அதிலிருக்கும் கார்பனை மாவாகவும் நாராகவும் கட்டையாகவும் மாற்றிக்கொள்கின்றன.

ஈரம் போகக் காய்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.67 கிலோ கரியமில வாயுவாகும், ஏனென்றால் அது காற்றிலிருந்து ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் போதும், மீதியை யாரும் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் தினமும் 30 கிலோமீட்டர் இரு சக்கர வண்டியில் வேலைக்குப் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் நாளைக்கு 0.6 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் மொத்தம் 400 கிலோவுக்குச் சற்று மேல். இப்போது அவர் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரத்தை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஆண்டு வளர்ந்து, வேர் முதல் கிளை வரை உலர் எடையில் 600 கிலோ இருக்கும் நல்ல மரம். அதில் அடங்கியிருப்பது 300 கிலோ கார்பன், அதாவது 1100 கிலோ கரியமில வாயு. இருபத்தைந்து ஆண்டு அந்த மரம் சேர்த்ததை வண்டி மூன்று ஆண்டுக்குள் காற்றில் கொட்டிவிடுகிறது. இத்தனைக்கும் இது குறைவாக எரிபொருள் குடிக்கும் வண்டி.

கார்பனுக்கு இரண்டு இருப்பிடங்கள்

மேலே சொன்னது அளவைப் பற்றிய சிக்கல். இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால் மற்ற விவாதங்கள் பாதி தெளிந்துவிடும்.

பூமியில் கார்பன் இரண்டு வகையாகப் புழங்குகிறது. முதலாவது, காற்றுக்கும் செடிகொடிகளுக்கும் மேல்மண்ணுக்கும் கடலின் மேற்பரப்புக்கும் இடையே நடக்கும் விரைவான கொடுக்கல் வாங்கல். இலை துளிர்க்கும்போது எடுப்பதும் சருகு மக்கும்போது திருப்பிக் கொடுப்பதும் இதில் அடக்கம். இரண்டாவது, பாறைக்குள்ளும் நிலக்கரிப் படுகைக்குள்ளும் பல கோடி ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் இருப்பு. உலகின் நிலக்கரியில் கணிசமான பகுதி முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடுகள் புதையுண்டு உருவானது. அதை நாம் தோண்டி எரிக்கும்போது, கொடுக்கல் வாங்கலில் இல்லாத ஒரு புதிய சரக்கை அதற்குள் கொண்டுவருகிறோம். மரம் நடுவதால் அந்தச் சரக்கு மறுபடி பூமிக்கடியில் போய்ச் சேர்வதில்லை. காற்றிலிருந்து எடுத்துச் சில பத்தாண்டுகள் கிளையிலும் வேரிலும் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மரம் விழுந்து மக்கினாலோ அடுப்புக்குப் போனாலோ அது மீண்டும் காற்றுக்கே திரும்பும்.

வேறொரு உண்மையும் இதோடு சேர்கிறது. 1850-இலிருந்து மனிதர்கள் காற்றில் சேர்த்த கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடழிப்பாலும் நிலத்தைத் திருத்தியதாலும் வந்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் ஆகியவற்றால் வந்தது. காடு இருந்த இடத்தில் மீண்டும் காடு வளர்ந்தால், காட்டிலிருந்து எடுத்த கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறோம். உலகில் அழிந்த காடு அத்தனையும் திரும்பி வந்தாலும் அந்த மூன்றில் ஒரு பங்குக் கடன்தான் அடையும். ஊர், வயல், சாலை, தோட்டம் என்று அந்த நிலத்தில் இன்று மக்கள் வாழ்வதால் அதுவும் முழுதாக அடையாது. நிலக்கரிக் கடனை அடைக்க மரத்திடம் இடம் கிடையாது. மரக்கணக்கையும் புகைபோக்கிக் கணக்கையும் ஒரே ஏட்டில் வரவு செலவாக எழுதுவதுதான் இந்தக் கொள்கையின் மூலத் தவறு என்பது என் கருத்து.

நிலம் எவ்வளவு வேண்டும்

ஆயிரம் மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று நல்லபடியாக ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் டன் கரியமில வாயுவை வெளியிடும். நன்கு பராமரிக்கும் வெப்பமண்டலத் தோப்பு ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் உறிஞ்சும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இந்த ஒரு மின்நிலையத்துக்கு 6 லட்சம் ஹெக்டேர், அதாவது 6000 சதுர கிலோமீட்டர் தோப்பு வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். பழனியும் நத்தமும் கொடைக்கானலும் வயலும் வீடும் சந்தையும் எல்லாம் மரமாக வேண்டும், ஒரே ஒரு மின்நிலையத்துக்காக.

இந்தியாவின் நிலக்கரி மின் உற்பத்தித் திறன் 2 லட்சம் மெகாவாட்டுக்கு மேல். அதே விகிதத்தில் பார்த்தால் 12 லட்சம் சதுர கிலோமீட்டர் வேண்டும். நாட்டின் பரப்பில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். இன்று காடு என்று கணக்கிடும் ஏழு லட்சத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தத் தோப்பும் என்றென்றைக்கும் அதே வேகத்தில் உறிஞ்சாது. மரங்கள் முற்றியதும் சேர்ப்பதன் வேகம் குறைந்துவிடும். மின்நிலையமோ ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பாரிஸ் உடன்படிக்கைக்காக இந்தியா 2015-இல் அறிவித்த இலக்குகளில் ஒன்று, 2030-க்குள் காடுகள், மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைச் சேமிப்பது. பெரிய எண்ணாகவே தெரிகிறது. ஆனால் இந்தியா எரிபொருள்களால் வெளியிடும் கரியமில வாயு இன்று ஓர் ஆண்டுக்கே ஏறத்தாழ 300 கோடி டன். பதினைந்து ஆண்டு உழைப்பின் முழுப் பலன் ஓர் ஆண்டுப் புகைக்குச் சமம்.

உலக அளவிலும் இதே நிலைதான். 2019-இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரப்போர்வை ஏற்படுத்த இடமுண்டு என்றும், அது முற்றினால் 20,500 கோடி டன் கார்பனைச் சேமிக்கும் என்றும் கணக்கிட்டது. மரம் நடுவதே தலைசிறந்த காலநிலைத் தீர்வு என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மன்றம் டாவோஸில் ஒரு லட்சம் கோடி மர இயக்கத்தைத் தொடங்கியது. கட்டுரை சொன்ன அளவை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது 75,000 கோடி டன் கரியமில வாயு. உலகம் எரிபொருள்களால் ஆண்டுக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் வெளியிடுவதால், அது இருபது ஆண்டுப் புகைக்குத்தான் ஈடு. அத்தனை மரமும் முற்ற அதைவிடப் பல மடங்கு காலம் ஆகும். ஆனால் மற்ற அறிவியலாளர்கள் அந்த அளவையே ஏற்கவில்லை. உண்மையில் சேமிக்கக்கூடியதைப் போல ஐந்து மடங்கு கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு குழு எழுதியது. கட்டுரை ஆசிரியர்களும் 2020-இல் திருத்தம் வெளியிட்டு, தலைசிறந்த தீர்வு என்ற சொல்லைத் தணித்தார்கள். எதிர்ப்புக்கு முதன்மையான காரணம் புல்வெளிகள். இயற்கையாகவே மரமில்லாமல் இருக்கும் புல்வெளிகளையும், மரம் அரிதாக நிற்கும் சவன்னாக்களையும், மரம் நடக் காத்திருக்கும் வெற்றிடமாக அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

நீலகிரியில் ஏற்கெனவே நடந்த சோதனை

புல்வெளியை வெற்றிடமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நூற்றெண்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதி இயல்பில் ஒரே பச்சைக் காடு அன்று. பள்ளத்தாக்கு மடிப்புகளில் கரும்பச்சைச் சோலைக்காடு, அதைச் சுற்றி மேடுகள் முழுக்கப் பொன்னிறப் புல்வெளி. இரண்டும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பக்கம்பக்கமாக இருந்து வந்தவை. உறைபனி விழும் இரவுகளில் திறந்த மேட்டில் சோலை மரக்கன்று கருகிவிடும், புல் பிழைத்துக்கொள்ளும். அந்தப் புல்லில்தான் நீலகிரியின் பழங்குடிகளான தொதவரின் (தோடர்) எருமைகள் மேய்ந்தன, வரையாடு வாழ்ந்தது. அந்தப் புல்லை வேய்ந்துதான் தொதவர் தங்கள் வளைகூரை வீடுகளையும் பால்கோயில்களையும் கட்டினார்கள். ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணுக்கு அது தரிசாகத் தெரிந்தது.

உதகை நகரத்துக்கு விறகு வேண்டும் என்று 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வந்தது. நீலகிரி மக்கள் இன்று கற்பூர மரம் என்று சொல்வது அதைத்தான். கூடவே சீகை மரம் என்று அவர்கள் அழைக்கும் வாட்டிலும் வந்தது. விடுதலைக்குப் பிறகு, செயற்கைப் பட்டு இழைக்கான கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் தேவை பெருகியதால், ஐந்தாண்டுத் திட்டங்களின் கீழ் மேடு மேடாகப் புல்வெளிகளில் இம்மரங்கள் நடப்பட்டன. பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, 1970-களிலிருந்து நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று காட்டியது. தொலைவிலிருந்து பார்த்தால் மலை முன்னைவிடப் பசுமையாகத்தான் தெரியும்.

அந்தப் பசுமையின் விலையைச் சிலர் உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். உதகையிலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கன் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் ஏறத்தாழ 32 ஹெக்டேர், இரண்டும் புல்வெளியும் சோலையும் கலந்தவை, இரண்டிலும் ஓர் ஓடை. ஓடைகளின் வாயில் தடுப்புக் கட்டி, வழிந்து போகும் தண்ணீரை அளந்தார்கள். முதலில் இரண்டும் எப்படி ஒத்துப் போகின்றன என்று சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டு, 1972-இல் ஒன்றின் பரப்பில் 59 விழுக்காட்டில் கற்பூர மரத்தை நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கத்து ஓடையின் நீர் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் விட்ட இரண்டாவது பத்தாண்டில் 25 விழுக்காடு குறைந்தது. புல் ஓரடி ஈரடி ஆழத்தில் வேரை நிறுத்திக்கொள்ளும், கோடையில் காய்ந்து ஓய்ந்துவிடும்; கற்பூர மரம் ஆழ வேரிட்டு ஆண்டு முழுவதும் தண்ணீரை இழுத்து ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். மரம் மழையைத் தரும், ஊற்றைக் காக்கும் என்று பொதுவாக நாம் சொல்வது சோலைக்காட்டுக்குப் பொருந்தும். எல்லா மரத்துக்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

அந்த மலையின் ஓடைகள்தான் பைக்காரா, குந்தா அணைகளை நிரப்புகின்றன. பைக்காராவில் 1932-இலிருந்து புகையில்லாமல் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. ஓடையில் தண்ணீர் குறைந்தால் அந்த மின்சாரம் குறையும், குறைந்ததை எங்கோ நிலக்கரி ஈடு செய்யும். கார்பனைச் சேர்க்கிறது என்று ஒரு மேட்டில் நட்ட மரம், கீழே ஒரு புகைபோக்கிக்கு வேலை கொடுக்கவும் கூடும். புல்வெளியின் கார்பனும் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வேரிலும் மட்கிலும் இருப்பதால், அது நெருப்புக்கும் கோடரிக்கும் எளிதில் அகப்படாது. மரம் எண்ணுகிறவர்களின் கணக்கில் அது வருவதே இல்லை.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றுகிறது

கன்று நட்ட எண்ணிக்கைக்கும் நிற்கும் மரத்தின் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியை அறிய, இலங்கையின் கரையோர அனுபவம் போதும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே கண்டல் தாவரங்களை நடும் திட்டங்கள் பெருகின. நாம் அலையாத்திக் காடு என்று சொல்வதைத்தான் அங்கே கண்டல் என்கிறார்கள். ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டார்கள். 2017-இல் வெளியான ஆய்வு 23 இடங்களுக்கும் நேரில் போய்ப் பார்த்தபோது, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடில்லை. நட்ட பரப்பில் ஏறத்தாழ 200 ஹெக்டேர்தான் தேறியிருந்தது. அலை எவ்வளவு நேரம் ஏறி நிற்கும், மண் எவ்வளவு உப்பு என்று பாராமல், கைக்குக் கிடைத்த இனத்தைக் கிடைத்த இடத்தில் ஊன்றியதும், பிறகு கால்நடை மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஆளில்லாததும் காரணம்.

கன்று பிழைத்தாலும் பயன் உறுதியில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியில் பல பத்தாண்டுகளாக அரசு செய்த நடவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, அந்த நடவுகளால் மரப்போர்வை குறிப்பிடத்தக்க அளவு கூடியதற்கு ஆதாரமில்லை என்றது. மேலும், தழைக்கும் தீவனத்துக்கும் விறகுக்கும் மக்கள் பயன்படுத்தும் அகல இலை மரங்கள் குறைந்து, அவர்களுக்கு அதிகம் பயன்படாத ஊசியிலை மரங்கள் கூடியிருந்தன. மேய்ச்சல் நிலத்தில் நடும்போது, யாருடைய வாழ்வாதாரத்தின் மேல் நடுகிறோம் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் காடு என்ற சொல்லிலேயே இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் கிளைப்போர்வை 10 விழுக்காடு இருந்தால், அது யாருடைய நிலம், என்ன மரம் என்று பாராமல் வனப்போர்வையாகக் கணக்கிடுகிறது. இந்த அளவுகோலில் தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் சீமைக் கருவேலம் மண்டிய கண்மாயும் சோலைக்காட்டோடு ஒரே வரிசையில் வந்துவிடும். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டில் 33 விழுக்காடாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. நாட்டு மரங்களுக்கு அதில் முதலிடம் கொடுத்திருப்பது நல்ல விஷயம். ஆயினும், விழுக்காட்டை மட்டும் துரத்தும் எந்தத் திட்டமும், விரைவாக வளரும் ஒரே இன மரத்தை நோக்கிச் சரியும் அபாயம் உண்டு. 2011-இல் தொடங்கிய, காடுகளை மீட்பதற்கான பான் (Bonn) அறைகூவல் என்ற உலக முயற்சியின் இலக்கு 2030-க்குள் 35 கோடி ஹெக்டேர். அதன் கீழ் நிலத்தை மீட்பதாகப் பல நாடுகள் உறுதியளித்தன. அந்த உறுதிமொழிகளை 2019-இல் பிரித்துப் பார்த்த அறிவியலாளர்கள், அவற்றில் 45 விழுக்காடு வெட்டி விற்பதற்கான தோட்டங்கள் என்று கண்டார்கள். நிலத்தை இயற்கைக் காடாக வளரவிட்டால் அத்தகைய தோட்டத்தைப் போல நாற்பது மடங்கு கார்பன் தங்கும் என்பதும் அவர்கள் கணக்கு.

மரம் நின்றாலும் எத்தனை நாள்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைக் கடந்த மறுநாள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. இருபது முப்பது ஆண்டு வளர்ந்த தென்னைகள் லட்சக்கணக்கில், சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. அந்தக் குடும்பங்களின் இழப்புக்கு முன்னால் கார்பனைப் பற்றிப் பேசுவதே சிறுமை. ஆனாலும் மரத்தை நம்பிக் கணக்கெழுதும் கொள்கை, ஓர் இரவில் அழியக்கூடியதை நிரந்தர வரவாக எழுதுகிறது. 2021-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நான்கு லட்சம் ஏக்கரை எரித்த காட்டுத்தீ, நிறுவனங்கள் தங்கள் புகைக்கு ஈடாகக் கார்பன் வரவு வாங்கியிருந்த காட்டின் ஒரு பகுதியையும் எரித்தது. ஈடாகக் காட்டிய மரம் போய்விட்டது, அதைக் காட்டி வெளியிட்ட புகை காற்றிலேயே இருக்கிறது. பூமி சூடாகச் சூடாகத் தீயும் புயலும் வறட்சியும் கூடும் என்பதால், இந்த வரவின் உறுதி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டேதான் போகும்.

எல்லா இடத்திலும் மரம் குளிர்ச்சி தரும் என்பதும் இல்லை. பனி மூடிய வெண்ணிலம் வெயிலைத் திருப்பி அனுப்பும். அதன்மேல் கருமையான ஊசியிலைக் காடு எழுந்தால் வெயிலை உள்வாங்கிச் சூடேறும். பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரான கோவிந்தசாமி பாலா முதன்மை ஆசிரியராக எழுதி 2007-இல் வெளியான கணினிமாதிரி ஆய்வு, வெப்பமண்டலக் காடுகள் பூமியைக் குளிர்விக்கின்றன என்றும், வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் காடு பெருகுவது சூட்டைக் கூட்டக்கூடும் என்றும் காட்டியது. நம் பகுதிக்கு இது நல்ல செய்திதான். உலகம் முழுவதற்கும் ஒரே மருந்து பொருந்தாது என்பது இதில் அடங்கிய எச்சரிக்கை.

எனக்கு மிகவும் கவலை தருவது, மரம் நடுவது அனுமதிச் சீட்டாக மாறுவதுதான். இந்தியாவில் காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுத்தால் ஈடாக வேறிடத்தில் காடு வளர்க்க வேண்டும், அதற்கென 2016-இல் தனிச் சட்டமே வந்தது. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுப்பதற்கு ஈடாக, ஹரியானாவில் மரம் வளர்ப்பதாகத் திட்டமிடப்பட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் வாழும், ஷொம்பென் பழங்குடி மக்களின் வீடாக இருக்கும் தீவுக்காட்டுக்கு வறண்ட வடக்கத்திச் சமவெளியில் நட்ட கன்றுகள் எந்த வகையில் ஈடாகும்? கார்பன் அளவில்கூட ஆகாது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இருப்பை இழந்துவிட்டு, அது திரும்பச் சேர நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டும். காலநிலைக்கோ அடுத்த இருபது முப்பது ஆண்டுகள்தான் முக்கியம். நிற்கும் காட்டை நிற்கவிடுவது எந்த நடவையும்விட மலிவானது, விரைவானது, உறுதியானது. அடுத்ததாக, காடாக இருந்து சிதைந்த இடத்தில் மேய்ச்சலையும் தீயையும் அங்குள்ள மக்களோடு பேசி முறைப்படுத்திவிட்டால், பல இடங்களில் வேரும் விதையும் தாமே எழுந்துவிடும். நடவு அதற்கும் அடுத்தபடிதான். நிலக்கரியைக் குறைக்கும் வேலையைக் காற்றாலையும் சூரிய மின்சாரமும் பேருந்தும் ரயிலும் செய்ய வேண்டும். அந்தக் கணக்கில் மரத்தை நுழைக்காமல் இருந்தால், மரத்துக்கும் நியாயம் செய்தவர்களாவோம்.

தவறான இடத்தில் நட்டதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதையும் நீலகிரியே காட்டுகிறது. மரப்பரப்பைக் கூட்டும் இயக்கத்தைத் தொடங்கிய அதே 2022-இல், பரவி இடத்தை ஆக்கிரமிக்கும் அயல்நாட்டுத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கும் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. சீகையை வெட்டிச் சாய்க்கலாம். ஆனால் அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, வெயில் பட்டதும் பாய் விரித்ததுபோல் முளைக்கும். சில இடங்களில் முதிர்ந்த சீகை நிழலில் சோலைக் கன்றுகள் எழுந்திருப்பதால், அங்கே கண்மூடி வெட்டவும் கூடாது. புல் திரும்ப வேண்டுமானால் சீகை முளைகளைக் கையால் பிடுங்கி, நாற்றங்காலில் வளர்த்த புல்லைக் குத்துக் குத்தாக ஊன்றி, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் மேட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி முளைத்ததைப் பிடுங்க வேண்டும். அந்த வேலையை இன்று ஆட்கள் குனிந்து செய்துகொண்டிருக்கிறார்கள்.